ஏன்னா சொல்லாமல் மறுத்தால் செல்லாது

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஓர் எவர்சில்வர் தட்டுக்குத் தாகம் எடுத்துவிட்டது என்று அறிவித்தேன்.

சபையில் ஐந்து வயதுக்காரர்கள் பதினான்கு பேர். தட்டில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றி ஜன்னல் வெயிலில் வைத்திருந்தோம். அவர்கள் விளையாடிவிட்டு வருவதற்குள் தண்ணீரைக் காணோம். "பாவம் தட்டு, மூணு நாள் பட்டினி. மடக் மடக்னு குடிச்சிடுச்சு" என்றேன். எட்டு யானைகள் ஒரே சமயத்தில் தும்மினால் எப்படி இருக்கும்? அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு கூச்சல். மாமா பொய் சொல்றார், மாமா பொய் சொல்றார். கீழ்க்கடையில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த ஸ்பேனரை நழுவவிட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது.

என் வகுப்பில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மாமா புளுகலாம், யார் வேண்டுமானாலும் மறுக்கலாம், ஆனால் ஏன்னா சொல்லாமல் மறுத்தால் செல்லாது.

வக்கீலம்மா எழுந்தாள். மருந்துக்கடைக்காரரின் மகள், பட்டம் நான் வைத்தது. "தட்டு குடிக்கல. ஏன்னா தட்டுக்கு வாய் இல்ல."

செடிக்குக்கூடத்தான் வாய் இல்லை, அது குடிக்கவில்லையா என்று மடக்கினேன். மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். "செடிக்கு அடியில வேர் இருக்கு. தட்டைத் தூக்கிப் பாருங்க, அடியில ஒண்ணும் இருக்காது. இருந்தா நான் தோத்துட்டேன்."

தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தரையில் விழுந்து இரண்டு புரளல் புரண்டு என் தோல்வியை முறைப்படி ஏற்றுக்கொண்டேன்.

பள்ளி திறந்த புதிதில் இவள் வாயில் சொற்கள் ரேஷன் வரிசைபோல நின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. எதைக் காட்டினாலும் பெயரைச் சொல்வாள். தண்ணி. தட்டு. வெயில். தண்ணிக்கு என்னம்மா ஆச்சு என்றால் அதற்கும் 'தண்ணி'. இன்று 'இருந்தா நான் தோத்துட்டேன்' என்கிறாள். அந்த 'இருந்தா'வுக்கு நான் ஒரு ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன். கைவசம் ராஜ்யம் இல்லாததால் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

அக்கா கூப்பிட்டு விட்டாள். இந்த மாடிப் பள்ளிக்கூடம் அவளுடையது. இரண்டு அறை, ஒரு நடை, குழாயடி. நான் அவளுக்கு ஒரே தம்பி, பள்ளிக்கூடத்துக்கே ஒரே மாமா. இடைவேளைக்குப் பிறகு அரை மணி அறிவியல் நேரம் என் ஆட்சி.

பிள்ளைகள் முன்னால் வாய் கூசாமல் புளுகுவதற்குப் பெயர் பாடமா என்று கேட்டாள். நேற்றைய புரளலில் சட்டை கிழிந்ததைப் பார்த்திருக்கிறாள்.

நான் உண்மையைச் சொன்னால் அவர்கள் 'ஆமா மாமா' என்பார்கள். அத்தோடு கதை முடிந்தது. பொய்யைச் சொன்னால்? அவர்களுக்கு 'இல்ல' வேண்டும், 'ஏன்னா' வேண்டும், 'அப்படின்னா' வேண்டும், 'ஒருவேளை' வேண்டும், 'நேத்து அப்படி ஆகலையே' வேண்டும். என்னை வீழ்த்த ஒரு படையே திரட்டியாக வேண்டும். அந்தப் படைக்குப் பெயர்தானே பேச்சு? தண்ணீரும் ஐஸும் காந்தமும் எதற்கு? சண்டை போட ஒரு விஷயம் வேண்டாமா? வெறும் வாயால் எதைப் பேசுவார்கள்?

இவ்வளவையும் அக்காவிடம் கையை வீசி விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டையை மாத்திட்டு வா என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் வந்தார். பெற்றோர் குழுவின் தலைவர். மடிப்புக் கலையாத சட்டை. வந்த வேகத்தில் மாடிப்படி மூன்று அங்குலம் கீழே இறங்கியிருக்கும்.

நேற்று மாலை கடையில் நல்ல கூட்டமாம். ஓர் அம்மாவுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்து, குழந்தைக்கு இது தேன் மாதிரி இருக்கும் என்றாராம். கல்லாப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா, "இல்ல, ஏன்னா எனக்குக் குடுத்தப்போ கசந்துச்சு. நீங்ககூட மூக்கைப் பிடிச்சு ஊத்தினீங்க" என்றாளாம். கடையே சிரித்ததாம். அந்த அம்மா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்கா முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன். இப்போது வயிற்றில்தான் இருக்கிறது.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்ல முடியல சார். தூங்குன்னா ஏன்னா சொல்லுங்கங்கிறா. முன்னாடியெல்லாம் எவ்வளவு அமைதியா இருப்பா தெரியுமா? இருநூறு படத்துக்குப் பேர் சொல்லுவா. எதிர்த்துப் பேசக் கத்துக்குடுக்கவா இங்க அனுப்பினேன்?"

எதிர்த்தாவது பேசுகிறாளே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கும் உத்தேசம் இல்லை.

மார்ச் 10, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. மாதக் கடைசியோடு அறிவியல் நேரம் நிறுத்தம். அந்த அரை மணி அட்டை டீச்சருக்கு. (படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார், பிள்ளைகள் பெயர் சொல்வார்கள். அவருடைய மொழிப் பாடம் அது.) நிறுத்தாவிட்டால் மருந்துக்கடைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்; அவர் பின்னால் இன்னும் ஐந்து வீடு போகும்.

நான் சும்மா இருப்பேனா? நீ மொழிப் பாடத்துக்காக மொழியையே வெளியே அனுப்புகிறாய் என்றேன். பதினான்கு வாயைத் திறக்க நான் பட்ட பாட்டில் ஓர் அணையே கட்டியிருக்கலாம் என்றேன். என்னைத் தூக்கிலிட்டாலும் கயிற்றில் ஆடிக்கொண்டே ஊசல் பற்றிப் பாடம் எடுப்பேன் என்றேன். அக்கா கணக்குப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"டேய், பேசினா நீதான் ஜெயிப்ப. எனக்குத் தெரியும். ஆனா ஜெயிச்சு முடிக்கிறப்போ பள்ளிக்கூடம் இருக்காது."

அதற்கு என்னிடம் ஏன்னா இல்லை. அதனால் வேறு வழி கேட்டேன்: ஒரே ஒரு வகுப்பு, பெற்றோர் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் நிறுத்து.  வெள்ளி இருபத்தொன்றாம் தேதி கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு. அன்று நான் பொய் சொல்லக் கூடாது. ஒரு சின்னப் பொய் வந்தாலும் அவளே எழுந்து வகுப்பைக் கலைத்துவிடுவாள்.

மார்ச் 11, செவ்வாய்

நான் உண்மை பேசப் போகிறேன். உலகம் தாங்குமா?

மார்ச் 12, புதன்

எதிரி முகாமை வேவு பார்க்கப் போனேன். ஜன்னலுக்கு வெளியே, பூந்தொட்டிபோல் வேடமிட்டு. (வேடம் என்றால் தொட்டி பக்கத்தில் குனிந்து நின்றேன்.)

அட்டை டீச்சர் ஐஸ் படத்தைக் காட்டினார். குண்டூசி கையைத் தூக்கினாள். குச்சிக் கை, குச்சிக் கால், அதனால் குண்டூசி. "டீச்சர், அது ஐஸ் இல்ல. ஏன்னா நீங்க இவ்ளோ நேரம் பிடிச்சிருக்கீங்க, கை நனையவே இல்ல." டீச்சர் அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். கோபமோ என்று பார்த்தால் தோள் குலுங்குகிறது.

மத்தியானம் அவரே வந்தார். இந்தக் குழந்தை சர்க்கரை கரையுது என்கிறாள், ஐஸ் உருகுது என்கிறாள், மாற்றிச் சொல்வதே இல்லை, எங்கே கற்றாள் என்று கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையும் ஒரு தட்டில் ஐஸும் வைத்து, இரண்டும் ஒரே வியாதியால்தான் செத்தன என்று நான் சாதித்த கதையைச் சொன்னேன். ஒரு வாரம் என்னைக் கிழித்தெடுத்தார்கள்.

"என்கிட்ட சர்க்கரைக்கு அட்டை இருக்கு, ஐஸுக்கு இருக்கு. உருகுறதுக்கு எப்படிங்க அட்டை போடுறது?" என்றார்.

எதிரி முகாமில் எதிரியே இல்லை. பெரிய ஏமாற்றம்.

மார்ச் 15, சனி

வீட்டில் ஒத்திகை. ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. உரித்துப் போட்டால் கல்போல் அடிக்குப் போகிறது. பொய்போலவே இருக்கும் உண்மை. கடவுள் எனக்காகவே செய்து வைத்திருக்கிறார்.

நான்கு பழம் வாங்கினேன். மூன்றாவது சோதனைக்குள் என் மனைவி ஆராய்ச்சியின் முடிவுகள் அனைத்தையும் தின்றுவிட்டாள். இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டாமா என்று கேட்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

இன்று நன்றாக இல்லை.

காந்தத்துக்கு ஆணி மேல் காதல், அதனால்தான் ஒட்டிக்கொள்கிறது என்றேன். எல்லாரும் பாய்ந்தார்கள். வக்கீலம்மா மட்டும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் ஏதோ முட்டுகிறது, உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். நீ என்னம்மா சொல்ற என்றேன்.

"ஆமா மாமா."

குனிந்து, ஏன் கண்ணு, மாமா புளுகுறேன்ல என்றேன். எதிர்த்துப் பேசினா கெட்ட பொண்ணுன்னு அப்பா சொல்லியிருக்கார் என்றாள், அவ்வளவு மெல்ல. பிறகு என்னைப் பார்க்கவில்லை.

ஆமா மாமா. அய்யோ, எவ்வளவு சின்ன வார்த்தை. பத்து மாசம்டா. பத்து மாசமா ஒவ்வொரு சொல்லா இன்னொண்ணோட கை கோத்து விட்டு, கீழ விழாம பிடிச்சு, இப்போதான் நடக்குது. ஒரே ராத்திரியில மூடி போட்டுட்டாரே மனுஷன். மருந்து பாட்டில்னு நெனச்சாரா?

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கடுப்பு. தினமும் மகளின் தண்ணீர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, ரொம்பக் குளிர்ச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பும் ஆள்.

இருந்தாலும் விடமாட்டேன். எழுதி வைக்கிறேன்: விடமாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

அக்கா இரண்டு முறை நினைவூட்டினாள். பொய் கூடாது. சரி என்றேன். நீ சரின்னு சொல்றதே பொய் மாதிரி இருக்குடா என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

முறையாக எழுதுகிறேன். பிற்காலச் சரித்திர ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும்.

பெற்றோர் இருபது பேருக்கு மேல். பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடித் தொட்டி, தண்ணீர், ஆரஞ்சு. முன்வரிசையில் மருந்துக்கடைக்காரர். அக்கா கதவோரம், எழுந்திருக்கத் தயாராக.

ஆரஞ்சு மிதக்கும் என்றேன். போட்டேன். மிதந்தது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு சொன்னேன்: இதே பழத்தைத் தோலை உரித்துப் போட்டால் மூழ்கிவிடும். என் ஆயுளிலேயே சுத்தமான உண்மை.

"பொய்" என்றார்கள் பதின்மூன்று பேரும்.

எனக்கு இது தோன்றவே இல்லை. பத்து மாதம் புளுகியவன் ஒரு நாள் உண்மை பேசினால் யார் நம்புவார்கள்? சத்தியமா உண்மைதான் கண்ணுங்களா என்றேன். ஒவ்வொரு பொய்க்கு முன்னாலும் நான் அதைத்தான் சொல்வேன் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆரவாரம் கூடியது. அக்கா பாதி எழுந்துவிட்டாள். பொய் இல்லக்கா, நிஜமாவே நிஜம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவளும் நம்பவில்லை.

அதற்குள் அவர்கள் வாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். குண்டூசி சொன்னாள்: "உரிச்சா அது சின்னதாயிடும். சின்னது எப்படி மூழ்கும்?" இன்னொருவன், பின்வரிசைத் தளபதி, எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்: "இலை மிதந்துச்சு, ஏன்னா லேசு. தோலை எடுத்துட்டா பழமும் முன்னாடி இருந்ததைவிட லேசு. அப்படின்னா அது இன்னும் நல்லாத்தான் மிதக்கணும்."

தவறு. ஆனால் என்ன அழகான தவறு. 'முன்னாடி இருந்ததைவிட.' அட்டை டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

வக்கீலம்மா பேசவில்லை. கன்னம் உப்பியிருந்தது. கண் அப்பா மேல்.

அப்போது முன்வரிசையில் ஒரு குரல். "சார், பசங்க சொல்றது சரிதானே? எடை குறைஞ்சா எப்படி மூழ்கும்?" மருந்துக்கடைக்காரர். அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது. காரணத்தோடு மறுத்திருக்கிறார், செல்லும் என்று அறிவித்தேன். பிள்ளைகள் அவருக்குக் கைதட்டினார்கள். அவர் காது சிவந்தது.

உரித்தேன். போட்டேன். பழம் நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

 மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டு, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பழத்தை எடுத்தார். மறுபடி போட்டார். மூழ்கியது. இது எப்படி என்றார், யாரிடமும் இல்லாமல்.

யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அப்பா, நீங்க சொன்னது தப்புன்னு சொல்லலாமா?"

   அவர் மகளைப் பார்த்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சொல்லு" என்றார்.

"தோலை மட்டும் போடுங்க."

போட்டார். தோல் மிதந்தது. அவள் அதை ஒரு விரலால் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்தாள். பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. "பாருங்க, உள்ள காத்து இருக்கு. தோல் வெயிட் இல்லப்பா, அதுதான் பழத்தைத் தூக்கிப் பிடிச்சிட்டு இருந்துச்சு. நீச்சல் தெரியாதவங்க டியூப் மாட்டிப்பாங்க இல்ல, அது மாதிரி. நீங்க டியூபைக் கழட்டிட்டு லேசாயிட்டான்னு சொல்றீங்க. டியூபைக் கழட்டினா முங்கிடுவாங்க இல்ல?"

பழத்தை உரித்தது நான். குற்றம் அப்பா மேல் விழுந்தது. நான் திருத்தவில்லை.

"கழட்டினா முங்கிடுவாங்க" என்று மெல்லத் திருப்பிச் சொன்னார் அவர். பிறகு, அப்போ வாழைப்பழம் என்று கேட்டார். அவள் ஒருவேளை என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. பதின்மூன்று பேரும் தொட்டிக்குள் கையை விட்டுவிட்டார்கள்.

மார்ச் 22, சனி

யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை. மீதி ஆரஞ்சை நானே தின்றேன்.

மார்ச் 24, திங்கள்

பெற்றோர் குழு கூடிவிட்டது. மருந்துக்கடைக்காரர் அங்கே நல்ல வார்த்தை சொல்லியிருப்பார், என்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

அப்படி ஒன்றும் இல்லை. பெரியவர்களைப் பார்த்து 'பொய்' என்று கத்துவது இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லையாம். மாமா புளுகுவதும் பிடிக்கவில்லையாம். சொன்ன சொல் சொன்னதுதான், அறிவியல் நேரம் வேண்டாம் என்று மற்றவர்களும் தலையாட்டினார்களாம். அக்கா சரி என்றுவிட்டாளாம்.

கோபத்தில் நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எழுதப் போவதில்லை. ராஜினாமா செய்தேன். அக்கா டப்பாவிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள்.

"முழுசாக் கேளுடா. அறிவியல் நேரத்தை எடுத்தாச்சு. மொழிப் பாடம் இனிமே ஒரு மணி நேரம். பெத்தவங்களே ஆசைப்பட்டுக் கேட்டது. அதை எடுக்கப் போறது ரெண்டு பேர். ஒண்ணு டீச்சர். இன்னொண்ணு யாருன்னு நெனைக்கிற?"

பிஸ்கட் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அரை மணி ஒரு மணியாகிவிட்டது. என் அக்காவை நான் ஐம்பது வருஷமாகத் தப்பாக எடை போட்டிருக்கிறேன்.

தொட்டி? அது இருக்கட்டும், மொழிப் பாடத்துக்குத் தண்ணீர் வேண்டாமா என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இரண்டு ஷரத்து. 'பொய்' என்று யாரும் சொல்லக் கூடாது. 'அப்படி இருக்காது' என்றுதான் சொல்ல வேண்டும். நான் இனிப் புளுகவே கூடாது.

முதலாவதை ஒப்புக்கொண்டேன். இரண்டாவதை எதிர்த்து ஒரு மணி நேரம் போராடினேன். என் பொய்களை என்னிடமிருந்து பிடுங்குவது சிங்கத்திடம் பல்லைக் கடன் கேட்பது என்றேன். பயனில்லை.

மார்ச் 26, புதன்

மாமா புளுகக் கூடாது என்றுதானே ஷரத்து? மற்றவர்களைப் பற்றி ஒன்றும் இல்லையே.

இன்று முதல் பிள்ளைகள் முறை வைத்துப் புளுகுவார்கள். நம்புகிற மாதிரி இருக்க வேண்டும், அதற்கும் ஏன்னா வேண்டும். முதல் பொய் குண்டூசி: "நிழல் கறுப்பா இருக்கு, ஏன்னா அது குளிக்கிறதே இல்ல." அப்படி இருக்காது என்று பத்துக் குரல். தண்ணீரை வாரி வாரித் தங்கள் நிழல் மேல் ஊற்றிப் பார்த்தார்கள். மொழிப் பாடம் முடிந்து தரையை மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. அட்டை டீச்சரும் ஒரு துணியோடு வந்தார். அவர் புடவையும் நனைந்திருந்தது.

என்னைவிட நன்றாகப் புளுகுகிறார்கள். பொறாமையாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

பள்ளி விட்டதும் ஜன்னலைச் சாத்தப் போனேன். கீழே மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரில். முன்னால் வக்கீலம்மா நின்றபடி அவர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வீசி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று ஓர் ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தோம். கம்பளி சூடு என்பதால் அது முதலில் உருகிவிடும் என்று தளபதி புளுகினான். சும்மா வைத்தது உருகிக் காணாமல் போன பிறகும் கம்பளிக்குள் இருந்தது அப்படியே இருந்தது. அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்போல.

நடுவில் அவர் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் சாவியிலிருந்து கையை எடுத்து, மறுபடி கேட்டார்.

எல்லா ஜன்னலையும் சாத்தினேன். தொட்டியைக் கவிழ்த்தேன். விளக்கை அணைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஸ்கூட்டர் இன்னும் கிளம்பவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை.